மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தலாமா?

இது கம்ப்யூட்டர் பாடம் அல்ல. பாடம் நடத்தும் தகுதியும் எனக்கு இல்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்து, ரயில்வேயில் மின்சார எஞ்சின்களோடு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன் நான். பழுது பார்ப்பது பற்றி மட்டும் எனக்குச் சில பிடிவாதமான கருத்துகள் உண்டு. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நம் சங்கத்தின் தமிழ் வகுப்பை நடத்தும் சகோதரி, ஸ்கூட்டரின் முன்னால் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூடவே பிளஸ் ஒன் படிக்கும் மகன்.

"அங்கிள், கம்ப்யூட்டர் போயிடுச்சு" என்றார்.

"போயிடுச்சுன்னா? என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமே வரமாட்டேங்குது. மார்க்கெட்ல கடைக்காரர்கிட்ட காட்டினோம். 'பார்மட் மார்னா படேகா, டேட்டா நஹீ பச்சேகா'ன்னுட்டார். எண்ணூறு ரூபாயாம். லினக்ஸ் எல்லாம் வீட்டுக்கு ஒத்துவராது, பழையபடி விண்டோஸ் போட்டுத் தரேன்னு சொல்றார்."

இதில் எனக்கு ஒரு தர்மசங்கடம். அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனே நான்தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோனது நினைவிருக்கலாம். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 முதலிய வசதிகள் பழைய பெட்டிகளில் இல்லை. அதற்காக நன்றாக ஓடும் இயந்திரத்தைக் காயலான் கடைக்குப் போடுவதா என்று, முன்கூட்டியே அவர்கள் வீட்டுப் பெட்டியில் லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்தேன். எனவே கடைக்காரரின் குற்றச்சாட்டில் பாதி என் மீதும் விழுந்தது.

அந்தச் சகோதரி தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "பாடமெல்லாம் போனாக்கூடப் பரவாயில்ல அங்கிள், திரும்ப டைப் பண்ணிடுவேன். அப்பா போன வருஷம் தவறினார் இல்லையா, அவர் இவனுக்கு ஊர்க் கொடை பத்தி, பழைய கதையெல்லாம் போன்ல சொன்னதை ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தேன். போன்ல இடம் இல்லேன்னு அதுலதான் போட்டேன். வேற எங்கேயும் இல்லை."

எண்ணூறு ரூபாய்க்கு ஒரு மனிதரின் குரலை அழிக்கத் தயாராகிவிட்டோமே என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பெட்டியை மேஜையில் வைத்து, மானிட்டரை இணைத்து, சுவிட்சைப் போட்டேன். "ஒண்ணுமே வரவில்லை" என்பது முதல் நிமிடத்திலேயே பொய்யாகிப் போனது. கம்பெனிச் சின்னம் வந்தது. லினக்ஸ் சின்னம் வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் திரை அழகாக வந்தது. பையன் பாஸ்வேர்டை அடித்தான். திரை ஒரு கணம் கறுத்தது. மறுபடி பாஸ்வேர்டு கேட்கும் திரையே வந்தது. எத்தனை முறை அடித்தாலும் இதே கதை.

"பாத்தீங்களா தாத்தா, ஒண்ணும் வரலை" என்றான் பையன்.

"ஏம்பா, வண்டி அவுட்டர் சிக்னல் வரைக்கும் வந்து நிக்குது. நீ வண்டியே புறப்படலைங்கறியே!" என்றேன்.

எங்கு நின்றது என்று கேளுங்கள்

மின்சார எஞ்சினில் 'டிஜே' என்று ஒன்று உண்டு. எஞ்சினின் கூரை மேல் இருக்கும் மெயின் சர்க்யூட் பிரேக்கர். மேலே கம்பியில் ஓடும் 25,000 வோல்ட் மின்சாரம் இதன் வழியாகத்தான் உள்ளே வரும். உள்ளே எங்கே கோளாறு என்றாலும் டிஜே டிரிப் ஆகிவிடும்; வண்டி நின்றுவிடும். டிரைவர் உடனே கண்ட்ரோலைக் கூப்பிடுவார். அந்தப் பக்கம் இருப்பவர், "எஞ்சின் போச்சு" என்ற பதிலை ஒப்புக்கொள்ளவே மாட்டார். எந்த விளக்கு முதலில் எரிந்தது? எந்த ரிலேயின் டார்கெட் விழுந்திருக்கிறது? டிஜேயைப் போட்டவுடன் டிரிப் ஆனதா, சில விநாடி கழித்தா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வேண்டும். அதற்கென்றே டிரைவரின் பையில் 'ட்ரபிள் ஷூட்டிங் டைரக்டரி' என்ற புத்தகம் இருக்கும். இந்த அறிகுறி என்றால் இந்தப் பக்கம் பார், அது சரியென்றால் அடுத்ததைப் பார் என்று வரிசையாகப் போட்டிருக்கும்.

கம்ப்யூட்டர் விழித்தெழுவதும் இப்படி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நடக்கிற காரியம்தான். எந்த ஸ்டேஷன் வரை வந்து நின்றது என்று தெரிந்தால், அதற்கு முந்தையவை அநேகமாக நல்ல நிலையில் இருக்கின்றன என்று பொருள். தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

முதல் ஸ்டேஷன், பெட்டியின் சொந்த உறுப்புகள். திரையில் எதுவுமே வராமல் 'பீப் பீப்' என்று மட்டும் சத்தம் வந்தால் அது லினக்ஸின் குற்றமும் அல்ல, விண்டோஸின் குற்றமும் அல்ல. பெரும்பாலும் மெமரிப் பட்டை ஆடிப்போயிருக்கும், அல்லது தூசி அடைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பட்டையைக் கழற்றி, பித்தளை நிறமாகத் தெரியும் விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து மாட்டினால் பல சமயம் உயிர் வந்துவிடும். தேதி பல வருடம் பின்னால் போய் நின்றால், உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றாமல், "டிஸ்க் கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதே" என்று லினக்ஸ் புலம்புவதைப் பார்த்து டிஸ்க்கை மாற்றியவர்களும் உண்டு. பூட் செய்ய எதுவும் இல்லை என்று திரை சொன்னால், மறந்துபோய்ச் செருகி வைத்த பென் டிரைவை எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது ஸ்டேஷன் 'கிரப்'. எந்த லைனில் வண்டியை விடுவது என்று தீர்மானிக்கும் பாயிண்ட்ஸ்மேன் மாதிரி. 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றால், அவருக்குத் தன் கோப்புகள் இருக்கும் இடம் தெரியவில்லை. யாரோ டிஸ்க்கின் பிரிவுகளை அழித்திருப்பார்கள் அல்லது மாற்றியிருப்பார்கள். இதில் உங்கள் படங்களும் கடிதங்களும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். பாதையைக் காட்டினால் போதும்.

மூன்றாவது, 'கெர்னல்' என்ற மையப் பகுதி. 'கெர்னல் பேனிக்' என்ற சொல்லைப் பார்த்து நாம் பேனிக் ஆக வேண்டியதில்லை. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் புதிய கெர்னல் அரைகுறையாக நிற்கும். லினக்ஸ் பழைய கெர்னலைத் தூக்கி எறிவதில்லை. துவக்கத்தில் ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் நேற்று வரை ஓடியபடியே ஓடும். ஸ்பேர் எஞ்சின் ஷெட்டிலேயே நிற்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை.

நான்காவது, டிஸ்க்கைச் சரிபார்த்துத் திறக்கும் இடம். ஒரு வேலை 1 நிமிடம் 30 விநாடி வரை காத்திருப்பதாகக் கணக்குக் காட்டிவிட்டு 'எமர்ஜென்ஸி மோட்' என்று நின்றால், கழற்றி வைத்த ஏதோ ஒரு வெளி டிஸ்க்குக்காக அது காத்திருந்து அலுத்துப்போயிருக்கலாம். எந்தெந்த டிஸ்க்கைத் திறக்க வேண்டும் என்ற பட்டியலில் அதன் பெயர் இன்னும் இருக்கும். அந்த ஒரு வரியை நீக்கினால் தீர்ந்தது.

ஐந்தாவது, பாஸ்வேர்டு திரையும் அதற்குப் பின் வரும் டெஸ்க்டாப்பும். நம் தமிழ் வகுப்பு வண்டி நின்றது இங்கேதான்.

நான்தான் குற்றவாளி

லினக்ஸில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. படத்திரை மக்கர் செய்தால், பின்வாசல் ஒன்று திறந்தே இருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். படங்கள் எதுவும் இல்லாத கறுப்புத் திரை வந்து பெயர் கேட்டது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தோம், உள்ளே விட்டுவிட்டது. ஆக, பாஸ்வேர்டு சரி. டிஸ்க் திறந்திருக்கிறது. கெர்னல் ஓடுகிறது. இவ்வளவும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

பையனையே உட்காரவைத்து, டி, எஃப் என்று இரண்டு சின்ன எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, எச் என்ற சின்ன எழுத்து, பிறகு என்டர் என்றேன். டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும் கட்டளை. வரிசையாகக் கணக்கு வந்தது. முக்கியமான டிஸ்க்குக்கு நேரே 100 சதவீதம். மீதி, பூஜ்யம்.

"டிஸ்க் போகலை தாத்தா, நிறைஞ்சு போயிருக்கு!" என்று பையன் கத்தினான்.

அதேதான். டெஸ்க்டாப் திறக்கும்போது நம் பெயரிலுள்ள அறையில் சில சின்னஞ்சிறு கோப்புகளை எழுதிக்கொள்ளும். ஒரு வரி எழுதக்கூட இடம் இல்லையென்றால், 'இடம் இல்லை' என்று சொல்லக்கூட வழியில்லாமல் பழைய திரைக்கே திரும்பிவிடும். பின்வாசல் வழியே வந்தால் எழுத வேண்டியது எதுவும் இல்லை, அதனால் விட்டுவிட்டது. இன்னொன்றும் உண்டு. லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் இ.எக்ஸ்.டி.4 முறையில், டிஸ்க்கில் 5 சதவீத இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைப்பது வழக்கம். நம்மைப் போன்ற சாதாரணப் பயணிகளுக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்று காட்டினாலும் எமர்ஜென்ஸி கோட்டாவில் சில பெர்த் இருக்கும் அல்லவா, அது மாதிரி. அந்த இடம் இருப்பதால்தான், டிஸ்க் நிறைந்துபோன நிலையிலும் நிர்வாகி உள்ளே போய்ச் சுத்தம் செய்ய முடிகிறது.

சரி, இடத்தை யார் தின்றது? சகோதரி ஏற்றி வைத்த வீடியோக்கள் கொஞ்சம். ஆனால் பெரிய பங்கு 'டைம்ஷிஃப்ட்' என்ற ஏற்பாட்டுக்குப் போயிருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்காக, சிஸ்டத்தை அவ்வப்போது நகல் எடுத்து வைக்கும் காவல்காரன் அது. லினக்ஸ் போட்டுக் கொடுத்த அன்று, "ஜாக்கிரதையாக இருக்கட்டும்" என்று தினசரி, வாரம், மாதம் என்று கிடைத்த கட்டத்திலெல்லாம் டிக் போட்டவன் அடியேன்தான். நகல்களை வைக்க வேறு டிஸ்க் காட்டவும் இல்லை. காவலுக்கு வைத்த ஆளே வீட்டிலிருந்த அரிசியையெல்லாம் தின்றுவிட்டான்.

வெட்கமாகத்தான் இருந்தது. சகோதரியிடம் அப்போதே ஒப்புக்கொண்டேன். "கடைக்காரர் உங்க மேல பழி போட்டது பாதி சரிதானே அங்கிள்" என்று சிரித்துவிட்டார்.

பிறகு நடந்தது சொற்பம். அப்டேட்டுக்காக இறக்கி வைத்திருந்த பழைய மூட்டைகளை ஒரு கட்டளையில் காலி செய்தோம். கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. மறுபடி துவக்கினோம், டெஸ்க்டாப் பழையபடி வந்தது. முதல் காரியமாக அவர் அப்பாவின் பதிவுகளை இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்தோம். அதற்குப் பிறகுதான் டைம்ஷிஃப்டின் பழைய நகல்களை நீக்கி, இரண்டுக்கு மேல் வைக்காதே என்று கட்டுப்படுத்தினேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம், இரண்டு காபி. செலவு ஒன்றும் இல்லை. போவதற்கு முன் அந்தச் சகோதரி ஒரு பதிவை ஓடவிட்டார். பெரியவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் பேரனைப் பார்த்து "ஏல, கேக்கியா?" என்றார். நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவசரத்தில் அழித்தது

மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் என் சொந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன், என் வீட்டுக் கம்ப்யூட்டர் துவங்கும்போதே கறுப்புத் திரையில் நின்றது. டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளையை நீயே கொடு என்று கேட்டது. அதற்கு மேலே பல வரிகளில் 'ஐ.ஓ. எரர்' என்று எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை. எல்லாக் கேள்விக்கும் 'எஸ்' என்று அதுவே பதில் போட்டுக்கொள்ளும் விதமாகக் கட்டளையைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

ஐ.ஓ. எரர் என்பது டிஸ்க்கின் இயந்திரமே சாகக் கிடக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. அந்த நிலையில் அதைப் பழுதுபார்க்கச் சொல்வது, நெஞ்சுவலி வந்தவரை மாடிப்படி ஏறச் சொல்வது போல. முதலில் நகல், பழுது பிறகு. நான் திரும்பி வந்தபோது கோப்புகளில் பாதி பெயரிழந்து, வெறும் எண்களாக 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற அறையில் கிடந்தன. மீதியைக் காணோம். காணாமல் போனதில் என் மகளின் வளைகாப்புப் படங்களும் அடக்கம். படம் எடுத்தவரிடமும் வேறு பிரதி இல்லை. என் மனைவி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

எனவே கடைக்காரர்களை மட்டும் நான் குறை கூறவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. திரையைப் படித்துக் காரணம் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகலாம். பார்மட் அடித்தால் முக்கால் மணியில் முடிந்துவிடும், அதற்கும் அதே கூலி. நாமும் "சாயங்காலத்துக்குள்ள வேணும், இருநூறு குறைச்சுக்குங்க" என்று அவசரப்படுத்துகிறோம். காரணம் கண்டுபிடிப்பதற்கு யாரும் பணம் கொடுக்கத் தயாரில்லை. 'பார்மட்' என்ற சொல்லுக்குக் கொடுக்கிறோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவர்கள் நாம். தீப்பெட்டியை நீட்டுகிறவர் மட்டும்தான் அவர்.

ஷெட்டிலும் இந்த வியாதி இருந்தது. 1990களின் நடுவில் சுவிட்சர்லாந்திலிருந்து மூன்று-பேஸ் எஞ்சின்கள் வந்தன. அவற்றில் டிரைவருக்கு எதிரே ஒரு சிறு திரை. என்ன கோளாறு என்று எழுத்தில் காட்டும், நினைவிலும் வைத்துக்கொள்ளும். ஆனால் அதைப் படிக்காமல், கண்ட்ரோல் எலெக்ட்ரானிக்ஸை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிற பழக்கம் சிலருக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்பது முறை ஓடிவிடும். பத்தாவது முறை நடு செக்‌ஷனில் நிற்கும். ஷெட்டில் பதிவை எடுத்துப் பார்த்தால், அதே கோளாறை அந்த எஞ்சின் ஒன்பது முறை சொல்லியிருக்கும். கேட்க ஆளில்லை.

இரண்டு ஆட்சேபங்கள்

"உங்களுக்கு ரிடையர்மென்ட், பொழுது போகிறது. ஆபீசும் டியூஷனும் டிராஃபிக்குமாக ஓடுகிற எங்களுக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் வந்த செய்தியைப் போனில் ஒரு போட்டோ எடுக்கப் பத்து விநாடி. அதை நிதானமாகப் படிக்கப் பத்து நிமிடம். பார்மட் அடித்தபின் எல்லாவற்றையும் பழையபடி அடுக்க இரண்டு நாள். போன குரலைக் கொண்டுவர எத்தனை நாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படித்தும் விளங்கவில்லை என்றால் கடைக்குப் போங்கள், தப்பே இல்லை. ஆனால் போட்டோவோடு போங்கள். "முதலில் டேட்டாவை நகல் எடு, அதற்குத் தனியாகக் கூலி தருகிறேன்" என்று சொல்லுங்கள். லினக்ஸ் இருக்கும் ஒரு பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கி, உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாமல் கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். டிஸ்க் உயிரோடு இருந்து, பூட்டு எதுவும் போடாமல் இருந்தால் போதும். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தாலும் இது நடக்கும்.

"லினக்ஸ் போட்டதால்தானே இந்தத் தொல்லை?" என்பது இன்னொரு ஆட்சேபம். டிஸ்க் நிறைந்தால் எந்த வண்டியும் திணறும். 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இந்தக் காரியத்தில் எனக்குப் பிடித்ததே அதன் ஒளிவுமறைவில்லாத குணம்தான். துவங்கும்போது நடப்பதையெல்லாம் வரி வரியாகக் குறித்து வைக்கும். நேற்று ஏன் நின்றது என்பதை இன்றைக்குக் கேட்டாலும் பெரும்பாலும் சொல்லும். அதன் குறை, சொல்வதைச் சுருக்கமாகவும் ஆங்கிலத்திலும் சொல்வது. அதைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெண்கள், "இது நமக்கு ஆகாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் நான்கு வாசகங்கள் தெரிந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்றால் இடம் இல்லை. 'பெர்மிஷன் டினைட்' என்றால் கோப்பு இருக்கிறது, தொட உரிமை இல்லை. 'ரீட் ஒன்லி' என்றால் டிஸ்க்கில் ஏதோ சந்தேகம் வந்து, எழுதுவதை நிறுத்திவைத்திருக்கிறது. 'ஐ.ஓ. எரர்' என்றால் வேறெதையும் தொடாமல் உடனே நகல் எடு. ரேஷன் கார்டு பாரம், பாங்க் பாரம் எல்லாம் இந்தி ஊரில் வந்து நிரப்பக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரில் அவர்கள் விரல் ஓடும் வேகம் பிரமிக்க வைக்கிறது. ஆனால் திரையில் ஒரு செய்தி வந்தால், படிப்பதற்கு முன்பே விரல் 'ஓகே'யை அழுத்திவிடுகிறது. கேட்டால் "ஏதோ வந்துச்சு" என்பார்கள். அந்த 'ஏதோ'வில்தான் விஷயமே இருக்கிறது. படித்துப் பார், குறித்துக்கொள், ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய், செய்ததை எழுதி வை. இந்த நான்கும் கம்ப்யூட்டருக்கு மட்டுமான பழக்கம் அல்ல. உடம்புக்கு வந்தாலும், மார்க் குறைந்தாலும், வீட்டில் மனஸ்தாபம் வந்தாலும் இவைதான் உதவும். அன்று என் மேஜையில் உட்கார்ந்து '100 சதவீதம்' என்று கண்டுபிடித்த பையனின் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நிர்வாகக் குழுவுக்கு மூன்று சிறு யோசனைகள். ஒன்று, துவக்கி உதவும் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றை நூலகத்தில் வைப்போம். 8 ஜி.பி. இருந்தால் தாராளம். புத்தகம் போலவே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். இரண்டு, மாதம் ஒரு ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம், மக்கர் செய்யும் பெட்டிகளோடு யார் வேண்டுமானாலும் வரட்டும். நானும், விஷயம் தெரிந்த நம் இளைஞர்களும் இருப்போம். ரிப்பேர் செய்து தருவதாக வாக்குக் கொடுக்க மாட்டேன், சேர்ந்து படிப்போம். மூன்று, ஒரு நோட்டுப் புத்தகம். எந்தப் பெட்டி, என்ன செய்தி வந்தது, என்ன காரணம், எப்படித் தீர்ந்தது என்று தமிழில் எழுதி வைப்போம். வருடக் கடைசியில் அதுவே நம் சங்கத்தின் சொந்த ட்ரபிள் ஷூட்டிங் டைரக்டரி ஆகிவிடும். முதல் பக்கத்தில் என் தவற்றையே எழுதித் தருகிறேன்: "டைம்ஷிஃப்டில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டது, செய்தவர், கட்டுரையாசிரியர்."

ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஊரில் என்றால் பெரியவர்களின் பேச்சைக் கேட்க நான்கு வீடு தள்ளி நான்கு பேர் இருப்பார்கள். இங்கே அவர்கள் குரலும், கல்யாணப் படமும், பிள்ளைகள் முதன்முதலில் எழுதிய தமிழ் எழுத்தும் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆகவே அன்பர்களே, இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் திரும்ப வாங்க முடியாதது எது என்று யோசித்து, அதை மட்டும் இன்றே வேறொரு பென் டிரைவில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரை விட்டுத் தள்ளி, பீரோவில் வையுங்கள். வண்டி மக்கர் செய்தால் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.